கிளிப்பியின் வாயை மூடுவதுதான் வேலை

கலவானப் பக்கம் தேயிலைக் கொழுந்துக் கணக்கைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கிளிப்பியைத் திரையில் ஆடவிடுவது அரைநாள் வேலை. அதைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் தொழில்.

மைக்ரோசொஃப்ட் ஆஃபிஸ் 97இல் வந்த, கண் முழிக்கும் கம்பிக் கிளிப்புதான் கிளிப்பி. அதை வரைந்தவர் கெவன் அட்டெபெரி. கடிதம் எழுத உட்கார்ந்தாலே உதவட்டுமா என்று குறுக்கே வந்து நிற்கும். வேண்டாம் என்று சொன்னதை ஞாபகம் வைத்திருக்காது. சனங்களுக்கு அலுத்துப்போய், 2001இல் வந்த ஆஃபிஸ் எக்ஸ்பியில் அது தானாக வராதபடி அணைத்து வைத்தார்கள். ஆஃபிஸ் 2007இல் எடுத்தே விட்டார்கள். ஆனாலும் அந்தக் காலத்தில் டைப்பிங் பழகியவர்கள் அதைக் கண்டால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான், கணக்கு இருக்கிற டேட்டாபேஸைத் திறந்து திருத்தும் பிஎச்பி மை அட்மினில் அதை உட்கார வைத்தோம்.

கிளிப்பி டொட் ஜேஎஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. எல்லா அசைவும் ஒரே படக் கோப்பில் 124க்கு 93 பிக்சல் கட்டங்களாக இருக்கும். நிரல் கட்டத்தை மாற்றி மாற்றிக் காட்டும். கோப்புகளை வெளியிலிருந்து இழுக்காமல் நம் சேர்வரிலேயே வையுங்கள். மழை கொட்டினால் இங்கே இணையம் போய்விடும். பிஎச்பி மை அட்மினும் வெளி நிரலை லேசில் உள்ளே விடாது. கிளிப்பி டொட் ஜேஎஸுக்கு வேண்டிய ஜேகுவரி நிரல் அதற்குள் ஏற்கனவே இருக்கிறது. இன்னொன்றை ஏற்றினால் மற்ற பொத்தான்கள் படுத்துவிடும். கிளிப்பியின் சத்தத்தை முதலிலேயே நிறுத்துங்கள்.

சொல்லும் அசைவும் வரிசையில் நின்றுதான் வெளியே வரும். ஒருவர் பொத்தானை நாலுதரம் தட்டினால், வேலை முடிந்த பிறகும் கிளிப்பி பழைய பேச்சையே பேசிக்கொண்டிருக்கும். புதிதாகப் பேச வைக்குமுன் ஸ்டொப் கொடுத்து வரிசையைக் காலியாக்குங்கள்.

பேச்சுக் குமிழின் அகலம் கூடினால் 200 பிக்சல்தான். தமிழ்ச் சொல் நீளமானால் வெளியே வழியும். 'கொழுந்துக்கணக்கிலிருந்து' என்று ஒட்டி எழுதாமல் 'கொழுந்துக் கணக்கில் இருந்து' என்று பிரித்து எழுதப் பழகுங்கள். ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவது குமிழின் இயல்பு. அதை அப்படியே விடுங்கள். ஒரு தம்பி ஒவ்வொரு எழுத்தாகக் காட்டப் பார்த்தான். முதலில் 'க' வந்து, அடுத்த நொடி 'கொ' ஆகி, வாசிக்கிறவருக்குக் கண் கூசியது.

எனக்கு வேலை பழக்கிய அண்ணன் நிரலைத் தொடுமுன் பென்சிலால் ஒரு பட்டியல் போடுவார்: கிளிப்பி எங்கெங்கே வாய் திறக்கலாம் என்று. எழுதியதில் பாதியை அவரே அடித்துவிடுவார். நல்ல கணக்கப்பிள்ளை மாதிரி, தராசு முள் பிழைத்தால் மட்டும் பேச வேண்டும் என்பார். கடைசியில் மிஞ்சியது இரண்டுதான்: எந்த வரி என்று சொல்லும் வெயார் இல்லாத டிலீட், வெயார் இல்லாத அப்டேட். ஈரக்கழிவை, அதாவது கொழுந்தின் ஈரத்துக்காகக் கழிக்கும் எடையை, திருத்த வந்தவர், தோட்டக்காரர் ஒருவரின் வரியை மட்டும் மாற்ற நினைத்து, எல்லோருடைய கழிவையும் மாற்றிவிடுவார். 'நிச்சயமா?' என்று வரும் பெட்டிக்கு எல்லோரும் பழக்கத்தில் ஓகே தட்டுகிறார்கள். கிளிப்பி எழும்பி, 'வெயார் போடவில்லை. எல்லார் கணக்கும் மாறும்' என்று தமிழில் சொன்னால் கை நிற்கிறது. ஒருதரம் மூடினால் அன்றைக்கு முழுதும் அது வரக்கூடாது. அந்த ஞாபகத்தை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வையுங்கள்.

இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். கிளிப்பி மைக்ரோசொஃப்டின் உருவம். விற்கிற வேலைக்கு உங்கள் சொந்தப் படத்தை வரைந்துகொள்ளுங்கள். அடுத்தது, கிளிப்பி காவல்காரன் இல்லை. மைஎஸ்கியூஎல்லின் சேஃப் அப்டேட்ஸ், பயனருக்குக் கொடுக்கும் உரிமையின் அளவு, இரவில் எடுக்கும் பேக்கப், இவைதான் காவல். முதலில் அவற்றைச் செய்துவிட்டு வாருங்கள், பிறகு கிளிப்பியை ஆடவிடலாம்.