ஏறாத கடவுச்சொல்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் படிவம் ஆறு படிக்கும் ஒரு தங்கச்சியின் பழைய லாப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுபோனது. அவள் கணினியின் சிப்புக்கு விண்டோஸ் 11 ஒத்துவராது. புதுசு வாங்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரிங்லெட்டிலேயே டெபியன் என்ற லினக்ஸ் வகையை இறக்கி, பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனேன். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, தமிழ்99 தட்டச்சு எல்லாம் பார்த்தோம். பாடக்குறிப்புகளை நகலெடுத்து வைத்த பிறகுதான் நிறுவினோம். இந்த வரிசை முக்கியம்.

நிறுவி முடித்ததும், டெர்மினலில் நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் “சூடோ” கட்டளை கடவுச்சொல் கேட்டது. தட்டினாள், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. “அண்ணே, கீபோர்ட் செத்துப்போச்சு!”

“இல்லம்மா, எத்தனை எழுத்துன்னு பக்கத்துல இருக்கவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் காட்டல. முழுசா அடிச்சு எண்டர் தட்டு.”

வேலை செய்தது. புதியவர்கள் பலர் பயந்து விலகுவது இந்த இடத்தில்தான். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். ஆனால் விசைப்பலகையை நாம் பிடுங்கக்கூடாது. தப்பாக அடித்தாலும் அவர்களே அடிக்கட்டும்.

கேமரன் மலையில் யாரிடமாவது இப்படி முடங்கிக் கிடக்கும் லாப்டாப் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வருகிறேன். கோப்புகளை மட்டும் முதலில் நகலெடுத்து வையுங்கள்.