விலாவை மூடும் பலகைகள்

மரக்கலத்தின் அழகைப் பாய்களிலும் கயிறுகளிலும் காண்போர் பலர். அவையெல்லாம் நீருக்கு மேலே நிற்பவை. நீரைத் தள்ளி நிறுத்தி, ஏறியவரையும் ஏற்றியவற்றையும் காப்பது பலகைகளால் ஆன அதன் உடலே. மாதிரிக் கப்பல் செய்து பார்த்தவருக்கு இது நன்கு விளங்கும். எரா எனப்படும் அடிமரத்தையும் அதன்மேல் விலாச்சட்டங்களையும் சில மாலைப்பொழுதுகளில் நிறுத்திவிடலாம். அவற்றின்மீது பலகை ஏற்றி முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

நான் எடுத்துக்கொண்டது, திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல். ஆங்கிலேயக் கடற்படைக்காகப் பம்பாயில் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. கட்டியவர் பார்சி இனத்தைச் சேர்ந்த கப்பல் தச்சரான ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. எராவில் அவர் வெள்ளி ஆணி ஒன்றை அடித்து வேலையைத் தொடங்கிவைத்தார். நெப்போலியனோடு நிகழ்ந்த நெடும்போரினால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப் போயிருந்தது. ஆகவே மலபார்த் தேக்கு கைகொடுத்தது. கைகொடுத்தது என்பதைவிட, ஓக்கை விஞ்சியது என்றே சொல்ல வேண்டும். ஓக் மரத்தின் புளிப்புச் சாறு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ இரும்பைக் காக்கும். அந்தக் கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்து, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்து கொண்டிருக்கிறது.

மாதிரியை 64-இல் ஒரு பங்காகக் குறைத்தேன். ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள மேல்தளம் 28 அங்குலமாகச் சுருங்கியது. ஆயத்தப் பாகங்களைப் பெட்டியாக வாங்கிச் செய்வோரும் உளர். அதில் குறையொன்றும் இல்லை. எனக்கோ மரத்தை நானே கீற வேண்டும் என்னும் ஆசை. உள்ளடுக்குக்கு மென்மையான மலைவேம்பு. வெளியடுக்குக்கு மரக்கடையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகள்.

பலகை ஏற்றுவதற்கு முன்னரே ஒரு வேலை இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில் விலாச்சட்டத்தின் விளிம்பு நேராக இருந்தால் போதும். முகப்பை நெருங்க நெருங்க உடல் குவிகிறது. அங்கே விளிம்பைச் சாய்வாகத் தேய்க்காவிட்டால் பலகை ஒரு முனையில் மட்டுமே தொட்டுக் கொண்டிருக்கும். மெல்லிய கீற்று ஒன்றை முகப்பு முதல் பின்பகுதி வரை வளைத்துப் பிடித்துப் பார்ப்பதும், உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் தேய்ப்பதும், மீண்டும் பிடித்துப் பார்ப்பதுமாக மூன்று வாரங்கள் கழிந்தன. பசை இன்னும் தொடப்படவே இல்லை.

அடுத்து வருவது கணக்கு. நடு விலாவில் எராவிலிருந்து மேற்கட்டுப் பலகை வரை நூல் பிடித்தால் 15 செ.மீ. கிடைக்கிறது. 5 மி.மீ. அகலக் கீற்றுகள் 30 வேண்டும். அதே 30 கீற்றுகளும் முகப்பில் போய்ச் சேர வேண்டிய இடமோ 9 செ.மீ. மட்டுமே. அப்படியானால் ஒவ்வொரு கீற்றையும் முகப்பை நோக்கி 3 மி.மீ. அளவுக்கு ஒடுக்க வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்கலாகாது என்பது மரபு. அதற்கும் மெலிந்த முனை ஆணியைத் தாங்காது. பின்பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே உடல் விரிவதால் கீற்றுகளுக்கு இடையே ஆப்பு வடிவில் இடைவெளி விழும். அதை நிரப்பக் கூர்முனைப் பலகையைச் செருக வேண்டும். எங்கே ஒடுக்குவது, எங்கே செருகுவது என்பதை முதற்பலகை ஏறும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். முப்பதாம் பலகையின் தலைவிதி அப்போதே எழுதப்பட்டு விடுகிறது.

மரக்கீற்று தட்டையான பக்கம் எளிதாக வளையும். விளிம்புப் பக்கம் வளைய மறுக்கும். வலிந்து வளைத்தால் ஒரு விளிம்பு மேலெழும்பி நிற்கும். அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, சூடான குழாயின்மேல் அழுத்திப் பிடித்தால் முகப்பின் வளைவுக்கு இணங்கும். பெரிய கப்பல்களில் இதையே நீராவிப் பெட்டியில் செய்தனர். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர்களின் கணக்கு. இடப்புறம் ஒன்று ஏற்றினால் அடுத்தது வலப்புறம் ஏற வேண்டும். ஒரு பக்கத்தையே தொடர்ந்து மூடினால் அந்த இழுவிசையில் எரா முறுகிவிடும்.

இடைவெளிகளைப் பட்டி பூசி மறைத்துவிடலாம், வண்ணம் அடித்தபின் எவருக்கும் தெரியாது என்பர். மாதிரிக் கப்பல் நீரில் இறங்கப் போவதும் இல்லைதான். ஆயினும் எங்கள் வீட்டில் அந்தச் சமாதானம் செல்லாது. என் மாமனார் தூத்துக்குடியில் நாற்பது ஆண்டுகள் தோணி கட்டிய தச்சர். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். பார்வை பெரிதும் மங்கிவிட்டது. மாலைதோறும் நாற்காலியை என் மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, கப்பலின் உடலை விரல் நுனிகளால் முகப்பிலிருந்து பின்பகுதி வரை வருடிப் பார்ப்பார்.

"மூணாவது சட்டத்துக்கிட்ட பலகை முறுக்கிக்கிட்டு நிக்குது. காய்ஞ்சதும் வாய் பிளக்கும், மாப்பிள்ளை."

"எனக்குச் சரியாகத்தானே தெரிகிறது, மாமா?"

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தேன். தாளின் கனம்கூட இராத மேடு ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் அவர் கைபட்டவை. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கும் ஓசையை வைத்தே, இடுக்கு நிறைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். அந்தத் தோணிகளில் ஒன்றுக்கேனும் வரைபடம் இருந்ததில்லை. எராவின் நீளம் முடிவானால், அகலமும் உயரமும் விலாவின் வளைவும் மேஸ்திரியின் மனத்திலிருந்து வரும். இன்று மரத்தோணி கேட்டு வருவோர் அரிது. அவருடைய பிள்ளைகளில் ஒருவரும் உளியைத் தொடவில்லை. அதற்காக அவர் யாரையும் நொந்துகொண்டதும் இல்லை.

'டிரிங்கோமலி'யின் கதையில் ஒரு செய்தியை அவருக்குச் சொன்னேன். அக்கப்பலுக்குரிய வரைபடங்கள் முதல்முறை பம்பாய் வந்து சேரவே இல்லை. அவற்றை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ஒன்று வென்றது, ஜாவா எரியூட்டப்பட்டது. பின்னர் இங்கிலாந்திலிருந்து வேறொரு படி அனுப்பப்பட்டு, 1816-இல்தான் வேலை தொடங்கியது. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அவங்களுக்கு இன்னொரு படி இருந்திருக்கு" என்றார்.

அன்றிலிருந்து மாலைகள் இரண்டாகப் பிரிந்தன. முற்பாதியில் கப்பலுக்குப் பலகை ஏறும். பிற்பாதியில் அவர் சொல்லச் சொல்லத் தோணியின் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுவேன். எண்கள் அவருக்கு எளிதில் வருவதில்லை. கைகளை விரித்துக் காட்டுவார். நான் அளவுநாடாவை அந்தக் கைகளுக்கிடையே பிடிப்பேன். விலாவின் வளைவைக் காற்றில் வரைவார். அது காகிதத்தில் சிக்காதபோது, ஊறவைத்த மலைவேம்புக் கீற்று ஒன்றைக் கையில் கொடுத்து விடுவேன். அவர் வளைத்துப் பிடிக்க, நான் அதன் நிழலைப் பென்சிலால் சுவரில் வரைந்து கொள்வேன். சுவரில் இப்போது பதினோரு வளைவுகள் இருக்கின்றன. வெள்ளையடிக்க வந்தவரை என் மனைவி திருப்பி அனுப்பிவிட்டார்.

டிரிங்கோமலிக்கு வலப்புறம் கடைசிப் பலகை சென்ற மாதம் பொருந்தியது. இருபுறமும் மூடிய இடுக்கில் இறங்க வேண்டிய அதற்கு மட்டும் நான்குமுறை காகிதத்தில் அச்செடுத்தேன். பாய்மரங்களை நிறுத்தும் வேலை அப்படியே கிடக்கிறது. அதற்கு அவசரம் இல்லை. தோணியின் நடு விலாச்சட்டத்தை ஒட்டுப்பலகையில் வெட்டி அவர் மடியில் வைத்தேன். ஒரு பக்கத்தை வருடினார். திருப்பி மறுபக்கத்தையும் வருடினார். பிறகு சட்டத்தின் அடிவளைவில் கட்டைவிரலை ஊன்றி, "இங்கே இன்னும் அரை விரற்கடை வயிறு வேணும். சரக்கு அங்கேதானே உக்காரும்" என்றார்.