கார்ல வழி காட்டுற பெட்டி

போன வருஷம் ஒரு பௌர்ணமி ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல். வாடகைக் கார், டிரைவர் வெளியூர்க்காரர். அவர் மாட்டியிருந்த பெட்டி செங்கம் ரோட்டையே காட்டுச்சு. கிரிவலத்துக்காக அங்க வண்டி விடமாட்டாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், பதட்டத்துல சொல்லத் தோணல. திரும்பிச் சுத்தி ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆச்சு. பிழைச்சுட்டாங்க.

இப்ப சொந்தமா பழைய வேன் வாங்கியிருக்கேன். அதுக்கு ஒரு பெட்டி பார்க்கலாம்னு கடைக்குப் போனேன். மேப்பைப் புதுப்பிக்க கம்ப்யூட்டர்ல வயர் மாட்டணுமாம். நம்மகிட்ட இருக்கறது விண்டோஸ் 7. அதுல அந்த சாஃப்ட்வேர் ஏறாதுன்னு கடைக்காரரே சொல்லிட்டாரு. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டதால தப்பிச்சேன்.

கடைசியில போனே போதும்னு முடிவு பண்ணேன். கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரே கூகுள் கணக்கு. ராத்திரி பெரிய திரையில ஆஸ்பத்திரி, உரக்கடை எல்லாம் குறிச்சு வெச்சா காலையில போன்ல இருக்கு. மை மேப்ஸ்ல பௌர்ணமிக்கான சுத்து வழியைக் கோடு போட்டும் வெச்சிருக்கேன். ஆனா அந்தக் கோடு வாய் திறந்து 'இடது பக்கம் திரும்பு'ன்னு சொல்லாது, நாமதான் பார்த்து ஓட்டணும். நெட்டும் வேணும். அதனால மாவட்ட மேப்பைத் தனியா இறக்கி வெச்சிருக்கேன். அதுல கூட்ட நெரிசல் தெரியாது.

போன் மாட்ட ஸ்டாண்டு ஒண்ணு வாங்கினேன். அம்மா அதைப் பார்த்துட்டு, "அன்னைக்கு எனக்கு மூச்சு மட்டும் வந்திருந்தா நானே வழி சொல்லியிருப்பேன்டா"ன்னாங்க.