மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் லுக்குட்டில் வண்டியை நிறுத்தினால், அது பெரும்பாலும் சாப்பாட்டுக்காகத்தான் இருக்கும். பசியாறிய பிறகு கொஞ்சம் நடந்து புக்கிட் காஜா மாத்தி குன்றில் ஏறிப் பாருங்கள். ராஜா ஜுமாத் 1847இல் கட்டிய கோட்டையின் மிச்சம் அங்கே இருக்கிறது. லுக்குட்டுக்கு அந்நாளில் செல்வம் கொடுத்தது ஈயம். மேட்டில் இருந்து ஆண்டவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கீழே சேற்றில் நின்று ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளிகளின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

ஈயம் போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை. ஆனால் மேடும் பள்ளமும் மாறவில்லை. காற்றோட்டமான மேட்டில் துரை பங்களா; பள்ளத்தில் நம் லயம். பங்களாவின் பின்புறம் குசினி. அதை ஒட்டி வேலைக்காரர் அறைகள். சமையல் பல இடங்களில் ஹைனான் சீனரிடம் இருந்தது. பிள்ளை பார்ப்பது, துணி வெளுப்பது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நம்மவர் வேலை.

இதே மேடு பள்ளத்தை வெள்ளைக்காரர்களே நாடகமாக எடுத்திருக்கிறார்கள். 1971 முதல் 1975 வரை ஓடிய 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடரில் மாடியில் எஜமானர், கீழே வேலைக்காரர். 2010இல் தொடங்கிய 'டவுன்டன் அபி' தொடரும் அந்த வழியில் வந்ததுதான். சிம்லா துரைமார்களின் கதையான 'இந்தியன் சம்மர்ஸ்' 2015இல் வெளிவந்தது. அதைப் படம் பிடித்தது சிம்லாவில் அல்ல, நம் பினாங்கில்!

லுக்குட் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில், பேத்தி டவுன்டன் அபியைப் போட்டுக் காட்ட, மூன்று தலைமுறையும் உட்கார்ந்து பார்த்தது. "பட்டும் வெள்ளித் தட்டும் எவ்வளவு அழகு!" என்று மருமகள் வியந்தார். "அந்த வெள்ளித் தட்டைத் தேய்ச்சவன் கையைக் காட்டுறானா பாரு" என்றார் மாமனார். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தாயார் பங்களாவில் பிள்ளை பார்த்தவர்.

"குசினியில நிக்கிற அந்தப் பொண்ணுக்குக்கூட டேய்சின்னு ஒரு பேரு இருக்கு, தம்பி. எங்கம்மாவைக் கடைசி வரைக்கும் ஆயான்னுதான் கூப்பிட்டாங்க. அவங்க பேரு அந்தப் பங்களாவுல யாருக்குமே தெரியாது" என்றார் பிறகு.

மருமகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

இந்த நாடகங்களில் எஜமானரும் வேலைக்காரரும் ஒருவருக்காக ஒருவர் கண்ணீர் விடுகிறார்கள். நல்ல துரைகள் நம் தோட்டங்களிலும் இருந்திருக்கலாம். ஆனால், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்ததே! அதை ஒழிக்க வேண்டும் என்பதும் 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று. கூலி மட்டும் கேட்கவில்லை, மரியாதையையும் கேட்டார்கள். அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. போராட்டம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

நாடகத்தில் இல்லாத இன்னொரு கட்டமும் நம் கதையில் உண்டு. டவுன்டன் வேலைக்காரர்கள் அந்த மாளிகையை விலைக்கு வாங்கவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பள்ளத்தில் இருந்தவர்கள் மேட்டையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள்!

சீமைக் கதையைத் தாராளமாகப் பாருங்கள், ரசியுங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். பங்களாவில் வேலை செய்தவர் யார், பெரட்டில் யார் பக்கத்தில் நின்றார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லுக்குட் பாட்டியின் பேத்தி அன்றிரவே தன் பள்ளி நோட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுதிவிட்டாள்.