பாதை போடுவோரைப் பழக்குதல்

மலைச்சரிவில் வெட்டிய நடைபாதையை நடப்போரின் கால்களைவிட அதன்மேல் ஓடும் மழைநீரே அதிகம் கெடுக்கிறது என்பதை ஒரு குழு உள்ளபடியே புரிந்துகொண்டதா என்பது, அக்குழு கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய் ஓரிரு மழைக்காலங்கள் கழிந்த பின்னரே தெரியவரும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் பாதை அமைத்துப் பராமரிக்கும் இளைஞர் குழுக்களை ஒருங்கிணைப்பவருக்கு இதுவே தலையாய சங்கடம். கற்பித்தது பலித்ததா என்று அவர் பார்க்கும் நாளில் கற்றவர்கள் வேறு வேலைக்கோ கல்லூரிக்கோ போயிருப்பார்கள்.

இத்தொழிலின் வேர் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இருக்கிறது. வேலையற்ற இளைஞர்களைக் காட்டுப் பணிக்கு அமர்த்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு 1933-இல் தொடங்கி 1942 வரை நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்னும் திட்டத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் சேர்ந்தனர். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் பெரும்பகுதி நேரே வீட்டுக்குப் போய்விடும். முகாம்களை ராணுவ அதிகாரிகள் நடத்தினார்கள் என்றாலும், கோடாரியைத் தொட்டறியாத நகரத்துப் பிள்ளைகளுக்கு வேலை பழக்க, சுற்றுவட்டாரத்து மரம்வெட்டிகளையும் கைவினைஞர்களையும் ‘அனுபவமுள்ள உள்ளூரார்’ என்ற பெயரிலேயே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 1957-இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களில் பணியைத் தொடங்கிய மாணவர் அமைப்பும், 1976-இல் உருவான கலிஃபோர்னியா கன்சர்வேஷன் கோரும் இந்த மரபில் வந்தவையே. இன்றைய ஒருங்கிணைப்பாளர்களில் சிலர் தம்மை அந்த ராணுவ அதிகாரியின் வாரிசாக எண்ணிக்கொள்வதுதான் பல கோளாறுகளுக்குக் காரணம்; அவர்கள் பின்பற்ற வேண்டியது அந்த மரம்வெட்டியை.

மரம்வெட்டி கற்பித்தது கையைவிடக் கண்ணுக்குத்தான். பாதையின் ஏற்றம் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. 100 அடிக்கு 30 அடி உயரும் சரிவில் பாதை 100 அடிக்கு 15 அடிக்கு மேல் ஏறுமானால், நீர் அதைக் குறுக்கே கடந்து கீழே இறங்குவதை விட்டுவிட்டுப் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். தளத்தைப் பள்ளத்துப் பக்கமாகச் சற்றே சாய்த்து வெட்டுவதும், ஏறிச் செல்லும் பாதையை இடையிடையே சிறிது இறக்கி மீண்டும் ஏற்றி அந்தத் தாழ்விடத்தில் நீரை வெளியேற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். நாளடைவில் காலடி பட்டு ஒதுங்கும் மண் வெளிவிளிம்பில் வரப்பாகச் சேர்ந்து நீரை உள்ளே அடைத்துவிடுவதால், ஒருபுறம் அகன்ற வெட்டுத் தகடும் மறுபுறம் பற்களும் கொண்ட மெக்லியோட் என்னும் கருவியால் அவ்வரப்பை இழுத்துக் கலைப்பது பராமரிப்பின் அன்றாட வேலை. இவற்றையெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர் ஒரே மாலையில் ஒப்பித்துவிடுவார். ஆனால் வெயிலடிக்கும் நாளில், காய்ந்த பாதையில், ஊசியிலைகள் ஒரே திசையில் படிந்து கிடப்பதையும், ஒரு முழ நீளத்துக்கு மட்டும் மண் அரித்துக் கூழாங்கல் வெளியே தெரிவதையும் கண்டு நீர் எங்கே புகுந்து எங்கே தேங்கியது என்று சொல்ல அவருக்கு ஒரு பருவம் முழுதும் பிடிக்கிறது. அதுவரை வடிகாலை எங்கே வெட்டுவது என்று குழுத்தலைவரே காட்டிக்கொண்டிருந்தால், அவர் பெறுவது மண் அள்ளும் ஆட்களை மட்டுமே.

ரம்பத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் காக்கும் நிலப்பகுதிகளில் இயந்திர ரம்பம் பொதுவாகக் கூடாது என்பதால், பாதைமேல் விழுந்த மரத்தை இரு முனையிலும் கைப்பிடி கொண்ட நீண்ட ரம்பத்தால் இருவர் அறுக்கிறார்கள். இதில் இழுப்பது மட்டுமே உண்டு. எதிரே இருப்பவருக்கு உதவுவதாக எண்ணித் தள்ளினால் மெல்லிய தகடு வளைந்து நெளியும். அறுக்கும் முன் மரம் எதன்மேல் தாங்கிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். இரு முனையும் மேட்டில் தங்கி நடுப்பகுதி அந்தரத்தில் நிற்குமானால் அதன் மேற்புறம் நெருக்குண்டும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும், மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே வெட்டுவாயில் உரிய நேரத்தில் ஆப்பு இறக்க வேண்டும், கடைசிப் பகுதியைச் சில வேளை அடியிலிருந்து அறுக்க வேண்டும். இவ்விடத்தில் தேர்ந்த தலைவர் ரம்பத்தைக் கையில் வாங்குவதில்லை. மரம் அறுந்ததும் எப்பக்கம் உருளும், யார் எங்கே நிற்பது என்று பழகுநரையே சொல்லவைத்து, பதில் ஆபத்தானதாக இருந்தால் மட்டும் குறுக்கிடுகிறார். மரம் தவறாகக் கணிக்கப்பட்டு ரம்பம் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் வீணாகும். அந்த அரை மணியைக் கொடுக்க மனம் வராதவர் எவரையும் உருவாக்க முடியாது. (ஆள்மேல் மரம் உருளக்கூடிய சரிவில் இந்தத் தாராளம் கிடையாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.)

கருவி வீசுவோரைச் சுற்றி எவரும் நுழையாத வட்டம், தலைக்கவசம், தண்ணீர், எட்டுப் பத்து நாள் ஒரே கூடாரத்தில் கிடப்பதால் வரும் சமையல் சண்டைகள் ஆகியவற்றைக் கையேடுகள் போதுமான அளவு பேசுகின்றன. அவை பேசத் தயங்குவது கணக்கைப் பற்றி. பணம் தருவோர் கேட்பது எத்தனை மைல் பாதை சீர்செய்யப்பட்டது என்பதை. மைலைக் கூட்ட எளிய வழி, ஓரத்துப் புதர்களை வெட்டிக்கொண்டு விரைவாக முன்னேறி, வடிகால்களை மேலோட்டமாகக் கிளறிவிட்டுப் போவது. இளைஞர்கள் மிகவும் கூர்மையானவர்கள். தலைவர் வாயால் நீரைப் பற்றிப் பேசி, மாலையில் மைலை எண்ணினால், அவர்கள் எண்ணிக்கையைத்தான் நம்புவார்கள். ஆகவே குழுவின் அன்றாடக் குறிப்பேட்டில் மைலுக்குப் பக்கத்திலேயே, திறந்துவிடப்பட்ட வடிகால்கள் எத்தனை, அவற்றுள் சென்ற ஆண்டு வெட்டியவற்றில் தூர்ந்துபோனவை எவை, தூர்ந்த காரணம் என்ன என்று எழுதவைப்பது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. அடுத்த ஆண்டு அதே பாதைக்கு வரும் புதிய குழுவுக்கு வேலை தொடங்கும் முதல் நாள் காலையில் கொடுக்க வேண்டியதும் அந்தக் குறிப்பேட்டைத்தான். கருவிகளைப் பிற்பகலில் கொடுத்தால் போதும்.