பற்றவைத்த நாளையும் எழுதுங்கள்

இழுப்பறையில் மூன்று மாதம் கிடந்த ஒரு மாதிரி, என் ஆய்வேட்டின் அட்டவணையொன்றைப் பொய்யாக்கிவிட்டது என்றே முதலில் அஞ்சினேன்.

6061, 7075 என்னும் இருவேறு அலுமினியக் கலவைத் தகடுகளை உராய்வுக் கிளறல் முறையில் பற்றவைப்பது என் ஆய்வு. 1991-இல் இங்கிலாந்தில் உருவான இம்முறையில், சுழலும் கருவி உலோகத்தை உருக்காமல், உராய்வு வெப்பத்தால் இளக்கிக் கிளறி இணைக்கிறது. பற்றவைத்த மறுநாளே கடினத்தன்மையை அளந்து குறித்துக்கொண்டேன். நுண்ணோக்கிப் படம் சரியாக அமையாததால், மூன்று மாதம் கழித்து அதே மாதிரியை மீண்டும் அளக்க நேர்ந்தது. கிளறல் மண்டலத்தின் 7075 பகுதியில் எண்கள் தெளிவாக உயர்ந்திருந்தன. கருவியை ஐயுற்றுத் தரக்கட்டையில் சோதித்தேன், பிழையில்லை. பழைய எண்களை ஓசையின்றி நீக்கிவிடலாம் என்ற எண்ணம் அன்று எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

விடை பாடநூலிலேயே இருந்தது. கிளறல் வெப்பத்தில் 7075-இன் துத்தநாகமும் மக்னீசியமும் அலுமினியத்தில் கரைகின்றன. விரைவாகக் குளிரும்போது கரைந்த நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. பின்னர் அறை வெப்பநிலையிலேயே அவை மெல்லத் திரண்டு உலோகத்தைக் கடினமாக்குகின்றன. இவ்வியற்கை முதிர்வு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடத் தொடரும்.

6061 பக்கத்து வெப்பத்தாக்க மண்டலமோ அசையவேயில்லை. அங்கே வெப்பம் கரைப்பதற்குப் போதவில்லை. நுண்ணிய வீழ்படிவுகளைப் பருக்கச் செய்வதற்கு மட்டும் போதியதாயிருந்தது. வலிமையூட்டக் கரைசலில் மிச்சம் அதிகமில்லை. 7075-க்கு வழக்கமான 120 பாகை செல்சியசில் 24 மணி நேரம் முதிர்வித்தும் பார்த்தேன். கிளறல் மண்டலம் மேலும் கடினமானது. இழுவிசைச் சோதனையில் மாதிரி அறுந்ததோ பழைய இடத்தில்தான். இணைப்பின் வலிமையை அதன் மிக மெலிந்த பகுதியே முடிவு செய்கிறது. மீண்டும் கரைசலாக்கவும் எளிய வழியில்லை: 6061-க்குரிய சுமார் 530 பாகையில் 7075 ஆங்காங்கே உருகத் தொடங்கிவிடும்.

இரு அட்டவணைகளையும் ஆய்வேட்டில் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் மேலும் பற்றவைத்த பின் கழிந்த நாள்களின் எண்ணிக்கையோடு. ‘பற்றவைத்த நிலை’ என்று மட்டும் எழுதினால், அது மறுநாளா, மறு ஆண்டா என்று வாசிப்பவர் எப்படி அறிவார்? இத்துறைக்கு வரும் இளையோரிடம் ஒரே வேண்டுகோள்: சுழல்வேகத்தையும் நகர்வுவேகத்தையும் குறிக்கும் அதே வரியில் தேதியையும் குறியுங்கள். எண் மாறியிருந்தால், அழிக்குமுன் அதன் வயதைக் கேளுங்கள்.