மனு எழுதினவன்

கதை எழுதுகிறவனுக்கு ஊரிலே இரண்டு உத்தியோகம். ஒன்று, கதை எழுதுவது. அதை யாரும் கேட்பதில்லை. இன்னொன்று, மனு எழுதுவது. அதை எல்லோரும் கேட்கிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, குடிதண்ணீர்க் குழாய் உடைந்தாலும் சரி, காதர்பேட்டையில் எங்கள் சந்துக்காரர்கள் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "நீங்க எழுதினா அதுல ஒரு இது இருக்குமுங்க" என்பார்கள். அந்த 'ஒரு இது' செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

காதர்பேட்டையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். பகலெல்லாம் பனியனும் ஜட்டியும் கடைக்குக் கடை தோரணமாகத் தொங்கும். ஏற்றுமதியில் கழிந்தது, செகண்ட்ஸ், கட்டிங் வேஸ்ட் என்று எதற்கும் இங்கே ஒரு விலை உண்டு. வெளி மாநில வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். இரவில் ஷட்டர்கள் இறங்கிய பிறகு தெரு நாய்களுடையது. சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம் வயிற்றுக்கு. கட்டிங் வேஸ்ட் மூட்டை படுக்கைக்கு. வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே நேரத்தில்தான் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பெண்கள் வீடு திரும்புகிறார்கள். கடந்த ஆண்டு, 2025 அக்டோபரில், செக்கிங் வேலை பார்க்கும் ஒரு வடநாட்டுப் பெண்ணின் கெண்டைக்காலை ஒரு நாய் கவ்விவிட்டது. சந்து கொதித்தது. மனு எழுத என்னிடம் வந்தார்கள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் ஜில்லாவிலே காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்ட நாய்களால் குடியானவர்கள் வீதிக்கு வந்து போராடியிருக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியதும் மனு சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. நாய்கள் என்று பொதுவாகச் சொன்னால் யார் அசைவார்கள்? கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கும் செவலை நாய் ஞாபகத்துக்கு வந்தது. 'இக்கூட்டத்துக்கெல்லாம் தலைவிபோல் விளங்கும் செந்நிற நாயே மக்களைக் கடித்துக் குதறுகிறது' என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். படித்துக் காட்டியபோது எல்லோரும் "ஆஹா" என்றார்கள். அந்த 'ஆஹா'வுக்காக மனிதன் எதையும் எழுதுவான்.

சில நாளில் வண்டி வந்தது, வலை வந்தது, நாய்கள் போயின. இரண்டு வாரத்தில் காது நுனியில் சிறு வெட்டோடு திரும்பியும் வந்தன. அதுதான் விதி. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2001-லும் பிறகு 2023-லும் மத்திய அரசு போட்ட விதிகள் இதைத்தான் சொல்கின்றன. ஒரு தெருவைக் காலி செய்தால் அடுத்த தெரு நாய்கள் அங்கே குடி வந்துவிடும். ஊசி போட்ட பழைய நாயே காவலிருந்தால் புதியது வராது, குட்டியும் பெருகாது என்பது அதன் தத்துவம்.

எல்லாம் வந்தன. செவலை மட்டும் வரவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் குடோனின் இரவுக் காவல்காரர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏனுங்க தம்பி, அம்மணிய உடமாட்டேங்கறாங்களாமா."

"எந்த அம்மணி?"

"செவலைங்க. நான் அப்படித்தான் கூப்படறது. நாலு வருசமா எங்கூடத்தான் ராத்திரி கெடக்குது. பள்ளிக்கூடத்து வாசல்ல புடிச்ச நாயாம், அங்க திருப்பி உடக்கூடாதாம். அதுமில்லாம அது மேல புகாரு இருக்குதாம். நீங்க எழுதுன காயிதம்ங்களே?"

கேட்டதில் கோபமில்லை. அதுதான் சுட்டது.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. 2025 ஆகஸ்டில் டில்லி நாய்களைப் பற்றிய வழக்கில், ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்தில் விடலாம், வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தெரு நாயைத் தத்து எடுக்க விரும்புவோர் நகராட்சியில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களுடையது என்றும் சொல்லிற்று. நவம்பர் 7-ஆம் தேதி இன்னோர் உத்தரவு: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும். ஆகவே என் மனு இல்லாவிட்டாலும் செவலை மாட்டிக்கொண்டுதான் இருக்கும். இந்தச் சமாதானம் எனக்குக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது.

"நானிருக்கறது லைன் வீட்டுல ஒத்த ரூமு. நாய் வெச்சா காலி பண்ணச் சொல்லிருவாங்க. உங்களுக்கு வாசல் இருக்குதுங்க" என்றார் பெரியவர்.

வாசல் இருந்தது. மனைவியும் இருந்தாள். அவளுக்கு எட்டு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டிருக்கிறார்கள். பாஸ்டர் 1885-இல் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் வந்தது. அன்று முதல் மூன்று தலைமுறைக்கு நாய்க்கடி என்றால் வயிற்று ஊசிதான். இன்று கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நோய் வெளிப்பட்டுவிட்டால் அன்றும் இன்றும் மருந்து இல்லை. இது தெரிந்தவளிடம் நாய் வளர்க்கலாம் என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "அது கடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காவல்காரர் சொல்கிறார்."

"கடிச்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

நான் பேசவில்லை.

"அந்தப் புள்ளைகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, மனுவில் கையெழுத்துப் போட்ட முப்பது பேரும் கேட்கவில்லை. கடிபட்டவளுக்காகக் கொதித்தோம், அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஷிப்டுக்கு முன் போய்க் கேட்டேன். பனியன் கம்பெனியில் கற்ற தமிழில் அவள் சொன்னாள்: "செவப்பு இல்ல அண்ணா. கறுப்பு. பிரியாணிக் கடை கறுப்பு." பிறகு, "செவப்பு நல்லது. ராத்திரி கூட வரும்" என்றாள்.

கறுப்பு, காது நுனியில் வெட்டோடு திரும்பி வந்து கடை வாசலில் சௌகரியமாக இருந்தது. என் வாக்கியம் அவ்வளவு அழகாக வேலை செய்திருந்தது!

அன்றிரவு இன்னொரு மனு எழுதினேன். செவலையைப் பற்றி முன்பு எழுதியது நானாகச் சேர்த்தது, அது யாரையும் கடித்ததாகத் தெரியவில்லை, கடித்தது கறுப்பு நாய் என்று கடிபட்டவரே சொல்கிறார், அதைப் பிடித்துக் கவனிக்க வேண்டும் என்று நாலு வரி. அலங்காரம் ஒன்றுமில்லை. சந்தில் படித்துக் காட்டியபோது யாரும் ஆஹா சொல்லவில்லை. "எங்க கையெழுத்தெல்லாம் அப்புறம் பொய்யாங்க?" என்றார் ஒரு கடைக்காரர். இன்றுவரை அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

காப்பகம் ஊருக்கு வெளியே இருந்தது. நானும் பெரியவரும் கிளம்பினோம். செருப்பை மாட்டிக்கொண்டு மனைவியும் வந்தாள். "பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.

சென்னையில் 1959-இல், மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை கேப்டன் சுந்தரம் என்ற விமானி வீட்டுக்குத் தூக்கி வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ். நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யுங்கள் என்று அவர்கள் சொல்லிச் சொல்லி, சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். ஒரு நல்ல யோசனை நகராட்சிக் கதவைத் தட்டித் திறக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் ஒரு பொய் வாக்கியத்துக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை.

உள்ளே போனதும் கம்பி வலைக்குப் பின்னால் அத்தனை நாயும் ஒரே குரலில் குரைத்தன. மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்தாள். கோடியில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"அம்மணி!" என்றார் பெரியவர்.

செவலை தலையைத் தூக்கியது. கொங்கு நாட்டுப் பெண்ணாயிற்றே, என் மனைவியும் திரும்பிப் பார்த்தாள். செவலை மெல்ல எழுந்து வந்து கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி, பெரியவரின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. குரைக்கவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்த இளம் மருத்துவர் கோப்பைப் பிரித்தார். மேலாக இருந்தது என் மனு. "யாரோ பிரமாதமா எழுதியிருக்காங்க சார். தலைவின்னு போட்டிருக்கு" என்றார்.

"நான்தான்" என்று இரண்டாவது மனுவைக் கொடுத்தேன்.

அவர் இரண்டையும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய நாகரிகம். பத்து நாள் கவனித்துவிட்டுத் தகவல் சொல்வதாகச் சொன்னார். அப்படியே சொன்னார். நாயை மறுபடி தெருவில் விடமாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதிய காகிதங்களிலே, ஒவ்வொரு வரிக்கும் வாழ்நாள் பூராவும் பதில் சொல்ல வேண்டிய காகிதம் அது ஒன்றுதான்.

அம்மணி இப்போது எங்கள் வாசலில் இருக்கிறாள். நான் வாங்கிய மெத்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியவர் ஒரு கட்டிங் வேஸ்ட் மூட்டை கொண்டுவந்து போட்டார், அதில்தான் படுக்கை. மனைவி சோற்றுத் தட்டை ஒரு கோலால் தள்ளி வைப்பாள். கோல் வாரத்துக்கு வாரம் குட்டையாகி வருகிறது.

ராத்திரி ஷிப்ட் விடும் நேரத்தில் அம்மணி எழுந்து கேட்டருகே போய் நிற்பாள். அந்த வடநாட்டுப் பெண் கம்பிக்குள் கையை விட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடப்பாள். முன்பெல்லாம் அம்மணி கூடவே போவாளாம். இப்போது முடியாது, நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் காலடிச் சத்தம் தேயும்வரை நின்று பார்த்துவிட்டு, மூட்டைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அதனால் சில இரவுகளில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மணியைக் கயிற்றில் கட்டி, அந்தப் பெண் வீடு சேரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன்.